கடைசித் தாள்

அரசாங்கம் ஆறு வருடங்களாக என் பேச்சை ஒட்டுக்கேட்டு வருகிறது என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, பெருமை. வீட்டில் நான் வாயைத் திறந்தால் மனைவி துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டுவிடுவாள். தொலைக்காட்சி நிலையத்துக் கூட்டங்களில் நான் பேசத் தொடங்கும்போதுதான் எல்லோருக்கும் டீ ஞாபகம் வரும். அப்படிப்பட்ட என் பேச்சை ஒரு அரசாங்கம் ஆள் வைத்து, காதில் கருவி மாட்டி, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து, எண் போட்டு அடுக்கி வைத்திருக்கிறது. பெருமை பத்து நிமிடம் இருந்தது. பிறகு மகள் கையிலிருந்த கடிதத்தை முழுதாகப் படித்தேன்.

மகளுக்கு அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியில் பரிசோதகர் வேலை. மூன்று முறை தேர்வு எழுதி, மூன்றாம் முறை கிடைத்த வேலை. நியமனக் கடிதத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. 'விண்ணப்பதாரரின் தந்தை செவிமடுப்பு இயக்ககத்தில் நடப்பில் உள்ளார். தந்தை மூடப்பட்ட பின் பணியில் சேரலாம். கடைசி நாள் முப்பதாம் தேதி.'

"அப்பா, உங்கள எப்படி மூடறது?" என்றாள் மகள்.

அதைக் கேட்கத்தான் நாங்கள் இருவரும் செவிமடுப்பு இயக்ககத்துக்குப் போனோம். ஐந்து மாடிக் கட்டடம். அவர்கள் இருப்பது ஐந்தாவதில். லிப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது. அதன் மேலிருந்த தூசியைப் பார்த்தால் அட்டைக்கே ஓய்வூதிய வயது வந்துவிட்டது போலிருந்தது. மூச்சு வாங்க ஏறி முடித்தால் எதிரே ஒரு பெரிய பலகை: 'உங்கள் குரல், எங்கள் கடமை.'

பிரிவு அலுவலர் ஒரு அம்மாள். நாங்கள் பெயர் சொல்வதற்கு முன்பே எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க! மூணாவது மாடில இருமினீங்க பாருங்க, அப்பவே இவர்கிட்ட சொல்லிட்டேன், ரைட்டர் சார் வந்துட்டாருன்னு. முட்டி வலி எப்படி இருக்கு? புதுத் தைலம் எரியுதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொன்னீங்களே?"

'இவர்' என்பது மூலையில் உட்கார்ந்திருந்த தட்டச்சர். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். தலை நிமிரவில்லை. அந்த அம்மாள் சொன்னதையும், நான் இருமியதையும் தட்டிக்கொண்டிருந்தார். அந்த அறையில் யார் என்ன பேசினாலும் அதைத் தாளில் ஏற்ற வேண்டுமாம்.

"முதல்ல ஒரு படிவம் நிரப்பணும் சார். உங்க தொழில் வாழ்க்கையப் பத்தி சொல்லுங்க."

"எல்லாமே உங்ககிட்ட இருக்குமே?"

"இருக்கு. ஆனா அது ரகசியமாச்சே! அதப் பார்த்து நான் எழுதக் கூடாது. நீங்களா சொல்லணும். தப்பா சொன்னா நான் திருத்திடறேன்."

சொன்னேன். பதினேழு வருடம் நாளிதழில் குற்றச் செய்தியாளர். ("பதினாறு வருஷம் பத்து மாசம் சார்.") காலையில் முதல் வேலையாகப் பிணவறைக்குப் போய்விடுவேன் என்பதால் அலுவலகத்தில் எனக்கு 'மார்ச்சுவரி' என்று பட்டப்பெயர். அப்போதெல்லாம் செய்தியை எழுத நேரம் இருக்காது. சம்பவ இடத்திலிருந்து போன் போட்டு, கமா, முற்றுப்புள்ளி உட்பட வாயாலேயே சொல்லிவிடுவேன். அங்கே ஒருவர் எழுதிக்கொள்வார். எட்டு வருடங்களுக்கு முன்பு என் கடைசிச் செய்தியையும் அப்படித்தான் சொன்னேன். ஒரு லிப்ட் மெக்கானிக். அரசுக் கட்டடத்தில் செம்புக் கம்பி திருடினான் என்று காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். காலையில் பிணமாகக் கொடுத்தார்கள். நான் கொலை என்று சொன்னேன். அச்சில் 'மூச்சுத் திணறல்' என்று வந்தது. விசாரித்த இன்ஸ்பெக்டரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை; 'பணியில் இருந்த அதிகாரி' என்று மட்டும் இருந்தது. அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எனக்கு ஓய்வு கிடைத்தது.

அந்த மெக்கானிக்கின் அம்மாவை நான் இப்போதும் பார்ப்பேன். எங்கள் தெரு முனைச் சலவைக் கடையில் துணி தேய்க்கிறார். போன் கிடையாது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே கேள்வி: "கழுத்துல ஒரு தடம்கூட இல்லையேப்பா. எப்படிச் செஞ்சாங்க?" எட்டு வருடமாக என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் சொல்வார். அவர் மகனிடம் கடிகாரம் கிடையாது. ஆறு மணி ஷிப்டுக்குத் தாமதமாகிவிடுமோ என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் மணி கேட்பானாம். "அங்கயும் கேட்டிருப்பான்" என்பார். இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. போனில் பேசியதும் இல்லை, அன்று அந்த அலுவலர் முன்னால் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு முறை, நடந்து போகும்போது, மகளிடம் மட்டும் சொன்னேன். மற்றபடி அதை இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மீதியைத்தான் வைத்தேன். பத்திரிகை போடாததைத் தொலைக்காட்சித் தொடராக எழுதினேன். லிப்ட் மெக்கானிக்கைக் குழாய் ரிப்பேர்காரர் ஆக்கினேன், அவ்வளவுதான். யாராவது கோபப்படுவார்கள் என்று காத்திருந்தேன். "என்னமா கற்பனை பண்றீங்க சார்!" என்று பாராட்டினார்கள். ஆயிரத்து நானூறு பகுதிகள் ஓடிவிட்டன. பழைய பழக்கம் விடவில்லை. தினமும் சாயங்காலம் தயாரிப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு, வசனத்தை வாயால் சொல்லித்தான் எழுதவைக்கிறேன்.

"அதுலதான் சார் ஆரம்பத்துல பெரிய குழப்பம்" என்றார் பிரிவு அலுவலர். "கமா, கமான்னு ஒரு நாளைக்கு அறுபது தடவ சொல்றீங்க. யாரோ தலைவன்னு நினைச்சுட்டோம். ஏழு மாசம் தேடினோம். கமாவ பிடிக்க தனிப்படையே போச்சு. முற்றுப்புள்ளிங்கறவன் அவனோட கையாள், காரியம் முடியற இடத்துல மட்டும் வருவான்னு ஒரு அறிக்கைகூட தயார் பண்ணோம்."

"பிடிச்சீங்களா?" என்று கேட்டாள் மகள்.

"ஒருத்தர பிடிச்சோம். அப்புறம் விட்டுட்டோம்" என்றார் அவர், பெருந்தன்மையாக.

எதற்காக என்னை ஆறு வருடம் கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். அந்த அம்மாள் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"நாங்க எங்க சார் கேக்கறோம்? நீங்கதான சொல்றீங்க! ஒவ்வொரு நாள் தாளையும் முடிக்கறப்போ கோப்ப மூடலாமா, வேண்டாமான்னு ஒரு வார்த்தை போடணும். மூடலாம்னா 'முற்றும்'. வேண்டாம்னா 'தொடரும்'. உங்க தாள் எல்லாத்துலயும் கடைசி வார்த்தை என்ன இருக்கு பாருங்க."

காட்டினார். ஒவ்வொரு நாள் வசனத்தையும் நான் எப்படி முடிப்பேன்? 'திரையில் எழுத்து: தொடரும்.' ஆயிரத்து நானூறு தாள்கள். என்னைத் தொடர்ந்து கண்காணிக்கும்படி ஆயிரத்து நானூறு முறை நானே சிபாரிசு செய்திருந்தேன்.

"எங்க இயக்ககத்துலயே உங்கள மாதிரி ஒழுங்கா ஒத்துழைக்கறவங்க யாரும் இல்ல சார். எத்தனையோ பேர் வர்றாங்க, கேக்காதீங்க, கேக்காதீங்கன்னு கத்தறாங்க. அரசாங்கம் மக்கள் பேச்ச கேக்கறதே இல்லன்னு பத்திரிகைல எழுதறதும் இவங்கதான்! கேட்டா ஏன் கேக்கறேங்கறான், கேக்கலன்னா ஏன் கேக்கலங்கறான். நாங்க என்னதான் சார் பண்றது?" அவருடைய கண்கள் லேசாகக் கலங்கின. தட்டச்சர் அதையும் 'கண் கலங்குதல்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டார்.

விதிகளை அவர் விளக்கினார். மூடிய கோப்பை அன்றைக்கே அரைத்துத் தூளாக்கிவிடுவார்கள்; தனிமனித அந்தரங்கத்தில் அவர்கள் அவ்வளவு கண்டிப்பு. ஓடுகிற கோப்பில் ஒரு தாளைக்கூட யாரும் உருவ முடியாது. பக்க எண் உதைக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது நீதிபதியிடம் அனுமதிக்குப் போகும்.

"எல்லாத்தையும் அவர் படிப்பாரா?"

"பாவம், அவருக்கு எங்க நேரம்? கடைசித் தாள மட்டும் படிப்பார். உங்க கோப்பு வர்ற திங்கக்கிழமை போகுது. அதுக்குள்ள ஒரு தடவ 'முற்றும்'னு சொல்லிடுங்க, பாப்பா வேலைல சேர்ந்துடலாம்."

அவ்வளவுதானா என்று எழுந்தோம். அப்போதுதான் தட்டச்சர் முதல் முறையாக வாய் திறந்தார். "மணி என்ன மேடம்?"

தாளின் கடைசியில் மணி போட வேண்டும். இல்லாவிட்டால் தாள் செல்லாது. சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "டிக் டிக்குன்னு சத்தம் பதிவுல விழுது சார். வெடிகுண்டுன்னு ரெண்டு தடவ கட்டடத்தையே காலி பண்ணிட்டோம். அதான் கழட்டியாச்சு" என்றார் அந்த அம்மாள்.

அன்று சாயங்காலம் வசனத்தைச் சொல்லி முடித்து, 'முற்றும்' என்று போனில் தெளிவாகச் சொன்னேன். மறுநாளே பதில் வந்துவிட்டது. எனக்கு இதுவரை எந்த அரசு அலுவலகமும் இவ்வளவு வேகமாகப் பதில் அனுப்பியதில்லை. 'தங்கள் முற்றும் ஏற்கப்படவில்லை. கதை முடியாத நிலையில் முற்றும் என்று கூறியது பொய்த் தகவல் அளித்ததாகும்.' அடுத்த நாள் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன். தாள் அரைகுறையாக நின்றுவிட்டதென்று பாவம் அந்தத் தட்டச்சருக்கு விளக்கம் கேட்டு ஓலை போயிற்று.

கதையை நிஜமாகவே முடித்துவிடுவது என்று தயாரிப்பாளருக்குப் போன் செய்தேன். அவர் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்த என் மூஞ்சியில் கரி பூசினார்.

"தாராளமா முடிச்சுக்கோ மார்ச்சுவரி. ரேட்டிங் படுத்து மூணு மாசம் ஆச்சு. எத்தன நாளைக்குத்தான் ஒரே பொணத்த வெச்சு ஓட்டறது? அடுத்து ஒரு பேய்க் கதை எடுக்கறோம். அதுக்கு வேற ஆள் பார்த்தாச்சு."

ஆக, என் வேலை போயிற்று. மகள் வேலையாவது வரட்டும் என்று, கதை முடியப்போகிறது என இயக்ககத்துக்கு எழுதிப்போட்டேன். அவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். கதை நிறைவு ஆய்வுக் குழு. தலைவர் துணை இயக்குநர். குழு ஆயிரத்து நானூறு தாள்களையும் இரண்டே நாளில் படித்து, ஓர் ஆணை பிறப்பித்தது. 'குழாய் ரிப்பேர்காரரைக் கொன்ற இன்ஸ்பெக்டர் இதுவரை தண்டிக்கப்படவில்லை. குற்றவாளி பிடிபடாத கதையை முடிந்ததாகக் கருத இயலாது. எனவே மேற்படி இன்ஸ்பெக்டரைத் தூக்கிலிட்டு, குழுவின் முன் நேரில் ஆஜராகி, ரத்த உறவு ஒருவர் சாட்சியாக இருக்க, முற்றும் என்று கூறவும்.'

நிஜத்தில் ஓர் இன்ஸ்பெக்டரை ஒரு நாள் பணியிடைநீக்கம் செய்யவைக்க எட்டு வருடம் அலைந்தவன் நான். கற்பனையில் தூக்கில் போட எனக்கு எழுத்து மூலமாக அரசாணை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் ஐந்து மாடி ஏறினோம். மகள் நியமனக் கடிதத்தை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மேசை மேல் முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிரிவு அலுவலர் அம்மாள் முத்திரையை மையில் ஒற்றித் தயாராக வைத்திருந்தார். தட்டச்சர் அதே மூலையில் இருந்தார். துணை இயக்குநர் நடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பருத்த, மென்மையான குரல் கொண்ட மனிதர். வாய்க்கு வாய் சார் போட்டார்.

"உக்காருங்க சார். ரொம்ப நாளா உங்க ரசிகன். நம்ம இயக்ககத்துல உங்க கோப்புக்குத்தான் போட்டா போட்டி. எபிசோடு டிவில வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எங்களுக்குக் கதை தெரிஞ்சுடும். என் வீட்டம்மாவுக்கு அதுல ஒரு பெருமை."

நான் கடைசிக் காட்சியைச் சொன்னேன். நீதிமன்றம், தீர்ப்பு, தூக்கு. என் எழுத்து வாழ்க்கையிலேயே மகா மட்டமான காட்சி அது. துணை இயக்குநர் கை தட்டினார்.

"இதான் சார் வேணும். இந்த மாதிரி ஆளுங்கள விடவே கூடாது. நானும் பதினாறு வருஷம் ஸ்டேஷன்ல இருந்துட்டுத்தான் இங்க வந்தேன். எனக்கு அநியாயம்னா ஆகவே ஆகாது. ஆனா ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த சாவு சீன், அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு."

"ஏன் சார்?"

"பெல்ட்டால கழுத்த நெரிச்சான்னு வெச்சிருக்கீங்க. விஷயம் தெரிஞ்சவன் எவனும் பெல்ட்ட எடுக்க மாட்டான் சார். தடம் விழும். ஈரத் துண்டு. மூஞ்சில போட்டு நாலு செம்பு தண்ணி. ஒரு கீறல் இருக்காது. எந்த டாக்டர் பார்த்தாலும் மூச்சுத் திணறல்னுதான் எழுதியாகணும்."

எட்டு வருடமாகச் சலவைக் கடை வாசலில் நான் தலைகுனிந்து நின்ற கேள்விக்குப் பதில் அந்த மேசை மேல் இருந்தது. எங்கேயோ படித்திருப்பார், யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. குறை கண்டுபிடிக்கும் ரசிகரின் உற்சாகத்தில் இருந்தார்.

"அப்புறம் சாகற நேரத்துல அவன் அம்மா, அம்மான்னு கத்தறான். ஒரே சினிமாத்தனம்! நிஜத்துல அப்படியெல்லாம் இல்ல சார். மணி என்னன்னு கேப்பான்."

"மணியா?"

"ஆமா சார், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. துண்ட எடுத்ததும் உயிர்ப்பிச்சை கேப்பான்னு பார்த்தா, மணி என்ன சார்னு கேட்டான். ரெண்டு தடவ கேட்டான். ஆறு மணிக்கு ஷிப்டாம்!"

கேப்பான் என்று ஆரம்பித்தவர் கேட்டான் என்று முடித்திருந்தார். நாட்டில் உள்ள அத்தனை பேர் பேச்சையும் கேட்கிற அந்த மனிதருக்குத் தன் பேச்சைத் தான் கேட்கும் வழக்கம் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். பிரிவு அலுவலர் அம்மாளும் மரியாதைக்குச் சிரித்தார். மூலையில் தட்டச்சுச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு, நிதானமாக, மறுபடி கேட்டது. ஒரு சொல் விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தார். சிரிப்பைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்.

"சரி சார், நேரமாச்சு. அந்த ஒரு வார்த்தைய சொல்லிடுங்க. பாப்பா சந்தோஷமா வேலைக்குப் போகட்டும். கோப்ப இப்பவே அரைக்கச் சொல்லிடறேன்."

எனக்கு வெறுப்பாக இருந்தது. அந்த ஆளின் மேல் மட்டும் அல்ல, என் மேலும். 'முற்றும்' என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டிருந்தது. சொன்னால் மகளுக்கு வேலை. அந்தத் தாள் மத்தியானத்துக்குள் தூள். சொல்லாவிட்டால் அந்தத் தாள் திங்கட்கிழமை நீதிபதி மேசையில், எல்லாத் தாள்களுக்கும் மேலே. அவர் படிப்பது அதை மட்டும்தான். ஆனால் மூன்று வருடம் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தவள் என் பக்கத்தில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கையைப் பார்த்தேன்.

அவள் கை மேசைக்கு நீண்டது. முத்திரைக்குப் பக்கத்திலிருந்த நியமனக் கடிதத்தை எடுத்தாள். பழைய மடிப்பிலேயே மடித்தாள். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"சொல்லுங்கப்பா" என்றாள். "நான் சாட்சி இருக்கேன்."

"தொடரும்" என்றேன்.

துணை இயக்குநர் காது கேட்காதவர் போல முன்னால் சாய்ந்தார். "என்ன சார்? தப்பா சொல்லிட்டீங்க. முற்றும்."

"தொடரும்."

"உங்களுக்கு என்ன கிறுக்கா? பொண்ணு வேலை போயிடும் சார்! இனி சாகற வரைக்கும் நீங்க பேசறத ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருப்பான்!"

"கேக்கட்டும் சார். எனக்குப் பழகிடுச்சு."

தட்டச்சர் 'தொடரும்' என்று தட்டினார். பெரிய சத்தமாக இருந்தது. பிறகு காதுக் கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, துணை இயக்குநரை நேராகப் பார்த்தார். விதிப்படி அந்தத் தாளில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"மணி என்ன சார்?"

துணை இயக்குநர் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்த வாய் அப்படியே நின்றது. அப்போதுதான் அவருக்குக் கேட்டது.

தட்டச்சர், கேள்வி சரியாகக் காதில் விழவில்லையோ என்னவோ என்று, அதே குரலில் இரண்டாம் முறையாகக் கேட்டார். "மணி என்ன சார்?"

என் மகள்தான் சொன்னாள். "பதினொண்ணு நாப்பது. எழுதிக்கோங்க."